பொத்தானின் மறுமுனையில் யார்?



ஆரணி, வந்தவாசி, போளூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பிறந்து, ஆசிரியப் பணிக்காகவும் அரசுப் பணிக்காகவும் வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை என்று குடிபெயர்ந்த தலைமுறை இன்று முதுமையில் நிற்கிறது. அவர்தம் மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். கணவரை இழந்த 78 வயதுத் தாய் ஒருவர் ஆம்பூரில் தனியே வாழ்வதாக வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை 5 மணிக்கு, வழிபாட்டிற்கு முன் நீராடச் செல்கிறார். ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார். இடுப்பு அசையவில்லை. கைப்பேசி பூசை அறை மாடத்தில் இருக்கிறது. வாசற்கதவு உள்ளே தாழிடப்பட்டுள்ளது. மகன் நாள்தோறும் அழைப்பது, பொழுது சாயுமுன் "உணவு ஆயிற்றா அம்மா?" என்று கேட்கும் மாலை 5 மணிக்கு. இடையில் இருப்பது 12 மணி நேரம்.

முதியோர்க்கான அபாய அழைப்புக் கருவி பற்றிய பேச்சு முழுவதும் இந்த 12 மணி நேரத்தைப் பற்றியதே. வீழ்ச்சியைக் கருவி தடுக்காது. வீழ்ந்தபின் கிடக்கும் நேரத்தைத்தான் அது குறைக்கும். அந்நேரமே கொடியது. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் அழுந்திய தசை சிதைந்து, அதன் கழிவு குருதியிற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். நீர் வற்றும், தோல் புண்ணாகும். எலும்பு முறிவைத் தாங்கக்கூடிய உடல்கூட இவற்றால் தளர்ந்துவிடுகிறது.

2008ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில், கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நூற்றுக்கு 60 பேர் அவ்வாண்டில் விழுந்தனர். விழுந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஒருமுறையேனும் தாமாக எழ இயலாது போயினர். நூற்றுக்கு 30 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிற் கிடந்தனர். பலரிடம் அழைப்புக் கருவி இருந்தது. ஆயினும் நெடுநேரம் கிடந்த நிகழ்வுகளிற் பெரும்பாலானவற்றில் அது பயன்படுத்தப்படவில்லை. கருவி கடைக்குச் செல்லுமுன் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி இதுவே. வாங்கிக் கொடுப்பது எளிது. அணிவதும் அழுத்துவதும் தாயின் கையில் உள்ளன.

கருவிகள் சில வகையின. கழுத்திலோ கையிலோ அணியும் பொத்தான், வீட்டிலுள்ள ஒரு பெட்டியின் வழியே அழைப்பது ஒரு வகை. பொத்தானிலேயே சிம் அட்டை பொருந்தியது மற்றொன்று. வீழ்ச்சியைத் தானே உணரும் கைக்கடிகாரம் மூன்றாவது. 2018இல் வெளிவந்த ஆப்பிள் கைக்கடிகாரம் இதைப் பரவலாக்கியது. பலத்த வீழ்ச்சியை உணர்ந்தபின், அணிந்தவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவற்றிருந்தால் தானே அவசர உதவியை அழைக்கும். இவ்வசதி 55 வயதுக்கு மேற்பட்டோர்க்குத் தானாகவே இயங்கத் தொடங்கும். மகன் அவசரத்தில் தன் வயதைப் பதிந்துவிட்டால், வாங்கியதன் பயனே போயிற்று. அன்றியும், சுவரிற் சாய்ந்தபடி மெல்லச் சரிவதையும், நாற்காலியிலிருந்து நழுவுவதையும் இவ்வகைக் கருவிகள் உணராமற் போகலாம். தானியங்கி என்பதற்காகப் பொத்தானை மறந்துவிடலாகாது.

இவற்றையெல்லாம் விலை கேட்குமுன், கையிலுள்ள கைப்பேசியையே ஒருமுறை பார்ப்பது நன்று. 2017 சனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் அபாயப் பொத்தான் இருத்தல் வேண்டும் என்பது நடுவண் அரசின் விதி. எண் பொத்தான்கள் உள்ள எளிய கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் 112க்கு அழைப்புச் செல்லவேண்டும். ஆனால் கைப்பேசி மாடத்தில் இருக்கும்வரை அதனால் பயனில்லை. ஒரு துணிப்பையில் இட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தாய்மார்கள், விலையுயர்ந்த கடிகாரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்போரை விடப் பாதுகாப்பானவர்கள்.

சமண இல்லங்களுக்கே உரிய சில செய்திகள் உண்டு. கருவி கழற்றப்படும் நேரம் எது? நீராடும் நேரம், வழிபாட்டு நேரம், ஜினாலயம் செல்லும் நேரம். வீழ்ச்சி மிகுதியாக நேரக்கூடிய குளியலறைக்குள் கருவி செல்லவேண்டுமாயின் அது நீர் புகாததாக இருக்கவேண்டும். பூசை வேளையிலும் அணியலாம் என்று தாய் மனம் ஒப்பவேண்டும். தோல்வார் கோத்த கடிகாரத்தை அவர் தொடவே மாட்டார். தோலுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு தோல் இல்லாத பட்டையைத் தேடி அலைவது ஒரு வேடிக்கைதான். சிலிக்கான் பட்டை கோடையில் வியர்த்து அரிக்கும். விரைவில் உலரும் நெய்த பட்டை நலம்.

அட்டமி, சதுர்த்தசி நோன்பு நாள்களும் தசலட்சண நாள்களும் தனிக் கவனம் வேண்டுபவை. உண்ணாதிருக்கும் நாளில் நீரிழிவு மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ வழக்கம்போல் உட்கொண்டால், எழுந்து நிற்கும்போதே தலை சுற்றும். நோன்பு நாளில் எந்த மாத்திரையை எவ்வளவு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைக்கவேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மூப்பியலுக்கெனத் தனித்துறை உண்டு. அங்கே இதைக் கேட்கத் தயங்கவேண்டியதில்லை. அடி பார்த்து நடக்கும் ஈரியா சமிதி முனிவர்க்கு உரைத்ததாயினும், இரவில் எழுந்து நடக்கும் மூத்தோர்க்கு ஒரு சிறு விளக்கும் சுவரில் ஒரு கைப்பிடியும் அதற்குத் துணை செய்யும்.

இனி, பொத்தானை அழுத்தியபின் நடப்பது. கட்டணம் பெறும் நிறுவனங்கள் சிலவற்றின் அழைப்பு மையம் வேற்று மாநிலத்தில் இருக்கும். நள்ளிரவு 2 மணிக்கு அங்கே தமிழ் பேசுவோர் இருப்பரா, அவர்கள் யாரை அனுப்புவர் என்று கேட்டறிவது பணம் கட்டுமுன் செய்யவேண்டியது. அவர்களும் இறுதியில் 108ஐயோ மகனையோதான் அழைப்பார்கள் எனில், அவ்வழைப்பைக் கருவியே நேராகச் செய்யலாம். 108 ஊர்தி தமிழ்நாட்டில் 2008 முதல் கட்டணமின்றி ஓடுகிறது. 14567 என்னும் முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை வழிகாட்டவும் குறை கேட்கவும் அமைந்தது. விழுந்தவரைத் தூக்க அது வாராது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

முதலில் வந்து சேரக்கூடியவர் அண்டை வீட்டாரே. ஆம்பூரில் அது பெரும்பாலும் ஒரு பாய் வீடாக இருக்கும். பெருநாள் வாழ்த்தும் தீபாவளிப் பலகாரமும் பல ஆண்டுகளாகச் சுவர் தாண்டிச் சென்றுவந்த வீடுகள் அவை. கருவியில் பதியும் முதல் எண் பெங்களூரிலுள்ள மகனுடையதாக இருப்பதைவிட, அந்த வீட்டினுடையதாக இருப்பதே பொருத்தம். மகனால் வந்து சேர மூன்று மணி நேரமாகும்; அவர்களால் மூன்று நிமிடத்தில் வரமுடியும். ஆனால் வந்தவர் உள்ளே நுழைவது எங்ஙனம்? உள்தாழ்ப்பாளை நீக்கி, வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டை அமைத்து, ஒரு சாவியை அவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். குளியலறைக்குத் தாழ்ப்பாளே வேண்டா. கடிகாரத்திற்குப் பல்லாயிரம் செலவிட்ட பிள்ளைகள் இந்தச் சில நூறு ரூபாய் வேலையை மறப்பது வியப்பு.

கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டவேண்டும். சி.எம்.சி. பதிவு எண், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவை அதில் இருக்கட்டும். குருதி உறையாமைக்கான மருந்து உண்பவராயின் அதனைப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். அத்தகையோர் தலையில் அடிபட்டால், வலி இல்லை என்றாலும் மருத்துவமனை சென்றே ஆகவேண்டும். இரவுணவு கொள்ளாமையையும், விலங்குப் பசையாலான உறை மருந்தை ஏலாமையையும் குறித்து வைத்தால், பேச இயலாத நிலையிலும் அவர் கொண்ட விரதம் மதிக்கப்படும்.

தாய் மறுக்கலாம். "என்னைக் காவல் காக்கவா இது?" என்பார் ஒருவர். "வினைப்பயன்; வருவது வரட்டும்" என்பார் இன்னொருவர். முன்னவரின் கேள்வி நியாயமானது. இருக்குமிடத்தைக் காட்டுவது, பேச்சைக் கேட்பது போன்ற வசதிகளை அவர் இசைவின்றி இயக்கலாகாது. வேண்டா என்றால் நிறுத்திவிடவேண்டும். பின்னவர்க்குச் சொல்ல வேண்டியது வேறு. சல்லேகனை என்பது தெளிந்த அறிவோடும் ஆசாரியர் இசைவோடும் ஏற்கும் விரதம். குளியலறையில் வழுக்கி விழுந்து, நாவறண்டு, குரல் கேட்பாரின்றிக் கிடப்பது விரதம் அன்று. இறுதி நாள்களில் எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைத்தபின் கருவியை நீட்டினால், பெரும்பாலோர் கை நீட்டி வாங்கிக்கொள்வர்.

வாங்கிய வாரத்திலேயே ஒரு ஞாயிறன்று ஒத்திகை பார்க்கவேண்டும். கனத்த சுவர் கொண்ட பழைய வீட்டில் கூடத்தில் கிடைக்கும் அலைபேசித் தொடர்பு குளியலறையில் கிடைக்காது. ஆகவே தாய் குளியலறைக்குள் சென்று, தரைக்கு அருகே கையைத் தாழ்த்தி, மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையில் பொத்தானை அழுத்தட்டும். மகன் தெருவில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அண்டை வீட்டுப் பாய் சாவியோடு வந்து கதவைத் திறந்து, "அம்மா, எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் வரை ஆகும் நிமிடங்களை எண்ணி, கதவட்டையின் அடியில் குறித்து வைக்கவேண்டும்.