அறிவுக்குப் பிறப்பும் ஊரும் உண்டா?

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



பிறந்த நாட்டை விட்டு அயல்நாட்டில் குடியேறியவர்கள் விஞ்ஞானத்துக்குச் செய்த தொண்டைப்பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்வதானால், அவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. யூத வம்சத்தில் பிறந்தவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் கூடாது என்பதே அதன் சாரம். சர்வகலாசாலை ஆசிரியர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களே ஆனதால், அவர்களும் வெளியே தள்ளப்பட்டார்கள். இவன் என்ன படித்தான், என்ன கண்டுபிடித்தான் என்று கேட்கவில்லை. இவன் பாட்டன் யார் என்றுதான் கேட்டார்கள். தோழர்களே, இது நமக்குப் பழக்கமான கேள்விதானே!

ஃபிரிட்ஸ் ஹேபர் என்பவர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்க வழி கண்டவர். இன்று நம் வயலுக்குப் போடுகிற யூரியா அந்த வழியில் வந்ததுதான். அவர் யூத மதத்தை விட்டுக் கிறிஸ்தவரானார். முதல் உலக யுத்தத்தில் தம் நாட்டுக்காக விஷவாயுகூடச் செய்துகொடுத்தார். அப்படிப்பட்ட "தேசபக்தரும்", தம்மிடம் வேலை செய்த யூதர்களை நீக்க உத்தரவு வந்ததும் பதவியை விட்டு வெளியேறி, 1934-ல் சுவிட்சர்லாந்தில் மாண்டார். மதம் மாறியும் பிறப்பு அவரை விடவில்லை.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஐன்ஸ்டீன் அமெரிக்கா சேர்ந்தார். எர்ன்ஸ்ட் செயின் 1933-ல் பெர்லினை விட்டு இங்கிலாந்து போனார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஃபுளோரியோடு ஆக்ஸ்போர்டில் சேர்ந்து, ஃபிளெமிங் கண்ட பெனிசிலினை மனிதனுக்குக் கொடுக்கத்தக்க மருந்தாக்கினார். மூவருக்கும் 1945-ல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தாலியிலும் 1938-ல் யூதர்மேல் சட்டம் வந்தது. மனைவி யூதரானதால் ஃபெர்மி அமெரிக்கா போய், 1942-ல் சிகாகோவில் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார். விரட்டியவனுக்கு நஷ்டம், இடம் கொடுத்தவனுக்கு லாபம். இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அதே ஜெர்மனி யுத்தத்துக்குப் பின் ஆள் போதாமல், 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளிகளை வரவழைத்தது. கொலோன் நகரத்து மோட்டார் தொழிற்சாலையில் அப்படிக் கூலிக்கு உழைத்த ஒரு துருக்கியரின் மகன் உகுர் சாஹின். அவரும், துருக்கி டாக்டர் ஒருவரின் மகளான அவர் மனைவி ஓஸ்லெம் துரெசியும் ஏற்படுத்திய கம்பெனிதான், ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 2020-ல் கொரோனா தடுப்பூசி கொண்டுவந்தது. அந்த ஊசிக்கு அடிப்படையான ஆராய்ச்சி செய்த கேட்டலின் கரிகோ, ஹங்கேரியில் ஒரு கசாப்புக்காரர் மகள். 1985-ல் அமெரிக்கா போய்ப் பாடுபட்டார். 2023-ல் நோபல் பரிசு பெற்றார். கூலிக்காரன் மகனுக்கும் கசாப்புக்காரர் மகளுக்கும் வித்தை வராது என்று நம் சாஸ்திரம் சொல்லுகிறது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் சாஸ்திரத்தைப் பார்த்தா கையை நீட்டினார்கள்?

"வந்தவன் நம் பிழைப்பைக் கெடுக்கிறானே" என்று சிலர் கேட்கலாம். குறைந்த கூலிக்கு ஆள் பிடித்து இரு தரப்பாரையும் மோதவிடுகிற முதலாளியை அல்லவா அந்தக் கேள்வி கேட்க வேண்டும்?

கடைசியாக நம் சங்கதிக்கு வருகிறேன். ஹர் கோவிந்த் கொரானா பஞ்சாபில் சுமார் 100 பேர் வாழ்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். சீமையில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியபோது இங்கே அவருக்குத் தக்க வேலை கிடைக்கவில்லை. 1968-ல் அமெரிக்கப் பிரஜையாக நோபல் பரிசு பெற்றதும், "நம்மவர்" என்று பெருமை பேச மட்டும் தவறவில்லை. அந்தக் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவருடையது ஒன்றுதான். மற்ற வீடுகளில் எத்தனை கொரானாக்கள் எழுத்தறியாமலே மாண்டார்களோ, யார் கண்டார்கள்?

ஆகவே தோழர்களே, நாட்டை விட்டு அறிவு ஓடுகிறதே என்று அழுவதற்கு முன், ஊருக்குள்ளேயே நம்மால் துரத்தப்பட்ட அறிவு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். ஹிட்லரின் சட்டம் 12 ஆண்டில் ஒழிந்தது. சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே நாம் போட்ட வேலியோ எத்தனையோ நூற்றாண்டாக நின்றது. இன்னும் முழுதும் சாயவில்லை. அதைப் பிடுங்க அயல்நாட்டான் வரமாட்டான். நாமேதான் பிடுங்கவேண்டும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.