ஓடிவந்தோர் இருவர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்க மேற்கைக் களமாகக் கொண்ட காதல் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வார்ப்பு ஒன்று உண்டு. வீட்டை விட்டு ஓடிவந்த பெண் ஒருத்தி. மார்பில் விண்மீன் சின்னம் அணிந்த காவலன் ஒருவன். சட்டத்தைக் காக்க வந்தவன் அவளையும் காக்கிறான். கதை இனிதே முடிகிறது. வரலாற்றில் இவ்வார்ப்புக்கு அருகில் நிற்பவர் வயட் ஏர்ப். ஆயின், அவர் வாழ்வில் ஓடிவந்த பெண்கள் இருவர்.

ஒருவர் ஜோசபின் மார்க்கஸ். சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த யூதக் குடும்பத்துப் பெண். நாடகக் குழுவுடன் அரிசோனாவுக்கு ஓடிப்போனதாகப் பின்னாளில் அவரே கூறினார். வெள்ளிச் சுரங்க ஊரான டூம்ஸ்டோனில், முதலில் ஷெரிப் ஜானி பீஹனுடன் வாழ்ந்தார். மற்றவர் மேட்டி பிளேலாக். அயோவா மாநிலத்தில் இருந்த தம் வீட்டிலிருந்து சகோதரியுடன் வெளியேறியவர். டூம்ஸ்டோனில் ஏர்ப்பின் மனைவியாக அறியப்பட்டவர். நாம் அறிந்த உடன்போக்கில் தலைவன் உடன் வருவான். இவ்விருவரோ தலைவன் இன்றியே வீடு நீங்கியவர்கள்.

1881 அக்டோபர் 26 அன்று அவ்வூரில் நடந்த துப்பாக்கிச் சண்டை அரை நிமிடத்தில் முடிந்தது, மூவர் மாண்டனர். அந்த அரை நிமிடத்தை உலகறியும். அடுத்த ஆண்டு ஏர்ப் அரிசோனாவை விட்டு நீங்கினார். மேட்டியிடம் அவர் திரும்பவில்லை. ஜோசபினுடன் சேர்ந்து, 1929இல் இறக்கும்வரை ஏறத்தாழ 46 ஆண்டுகள் வாழ்ந்தார். மேட்டியோ 1888இல், அரிசோனாவின் பினால் என்னும் சிற்றூரில், அபின் கலந்த மருந்தை அளவுமீறி உட்கொண்டு இறந்தார்.

ஏர்ப்பைக் காவிய நாயகன் ஆக்கியது 1931இல் வெளிவந்த ஸ்டூவர்ட் லேக்கின் நூல். தம் டூம்ஸ்டோன் வாழ்வும் மேட்டியின் கதையும் அதில் இடம்பெறலாகாது என்று ஜோசபின் வற்புறுத்தினார். ஜான் ஃபோர்ட் 1946இல் தந்த 'மை டார்லிங் கிளமெண்டைன்' திரைப்படத்திலும் இருவரும் இல்லை. கற்பனைப் பெண் ஒருத்தியே நாயகியாக வருகிறாள்.

அன்பர்களே, ஜோசபினைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் முன்வரவில்லை. அது ஊர்ப்பழிக்கு அஞ்சிய பெண்ணின் அச்சம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேட்டியை மறைப்பதற்கு அவர் தம்மையும் மறைக்க வேண்டியிருந்தது. ஒருத்தியின் கைப்பற்றியவன் இன்னொருத்தியைக் கைவிட்டவன் என்றால், காவலன் என்னும் படிமம் நிலைக்காது. அப்படிமத்தைக் காக்க, இரு பெண்களின் வாழ்வு விலையாயிற்று.

சான் பிரான்சிஸ்கோவை அடுத்த கோல்மாவில் ஏர்ப்பும் ஜோசபினும் ஒருங்கே துயில்கின்றனர். மேட்டி பினாலில் தனித்துக் கிடக்கிறார். முதற் கல்லறையைப் பாடுவது எளிது. கவிஞர்களே, அதே பாட்டில் இரண்டாவதற்கும் ஓர் அடி ஒதுக்குங்கள். காவலனின் புகழ் சற்றுக் குறையும். காதலின் உண்மை குறையாது.