இரண்டு கோடும் ஒரு தேதியும்



நாள் தள்ளிப்போனால் முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள், வாந்தி வருகிறதா என்று கவனிப்பார்கள், நாடி பிடிக்கிறவரைத் தேடிப் போவார்கள். இன்று ஆந்திர எல்லையோரச் சூளூர்பேட்டையிலும் சரி, ஏரிக்கரைக் கிராமங்களிலும் சரி, கை முதலில் போவது மருந்துக்கடை டெஸ்ட் கார்டுக்குத்தான். அந்தக் கார்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

சிறுநீரைப் பார்த்துக் கருவை அறியும் ஆசை பழையது. பண்டை எகிப்தில் கோதுமை, வாற்கோதுமை விதைகள்மேல் சிறுநீரை ஊற்றி, முளைக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 1963இல் ஆராய்ச்சியாளர்கள் அதைச் செய்து பார்த்தபோது, கர்ப்பிணிகளின் சிறுநீரில் நூற்றுக்கு எழுபது முறை முளை வந்தது. 1930களில் தென்னாப்பிரிக்கத் தவளைக்குச் சிறுநீரை ஊசிவழி செலுத்தி, அது முட்டையிடுகிறதா என்று காத்திருந்தார்கள். அந்த வேலையைத்தான் இன்று விரல் நீளக் கார்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கிறது.

கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான், கார்டு தேடுகிற எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்திலும் சிறுநீரிலும் சேரத் தொடங்கும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். அவசரப்பட்டு நாள் தள்ளுவதற்கு முன்பே பார்த்தால், கரு இருந்தும் கார்டு 'இல்லை' என்று சொல்லிவிடலாம். மாதவிலக்கு வரவேண்டிய நாள் தாண்டியதும் பாருங்கள். மாதாமாதம் ஒழுங்காக வராதவர்கள், கணவனோடு கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் மிக நல்லது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் ஹார்மோன் நீர்த்துப் போயிருக்கும். சுத்தமான, காய்ந்த கிண்ணத்தில் பிடியுங்கள். காலாவதி தேதி பார்த்து உறையை அப்போதுதான் பிரியுங்கள். கார்டைச் சமமான இடத்தில் வைத்து, கூடவே வரும் சொட்டுக்குழாயால் உறையில் போட்டிருக்கிற அளவு சொட்டுகளை வட்டக் குழியில் விடுங்கள். உறையில் சொன்ன நேரத்தில் பாருங்கள். 'சி' எழுத்தருகே கோடு வரவில்லை என்றால் கார்டே செல்லாது. 'சி'யில் மட்டும் கோடு என்றால் இப்போதைக்கு இல்லை. 'டி'யிலும் வந்தால், மங்கலாக இருந்தாலும், கரு இருக்கிறது என்றே கொள்ளலாம். இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள். கார்டைப் போட்டுவைத்து மத்தியானம் எடுத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். காய்ந்த பிறகு தோன்றும் கோடு கணக்கில் வராது. 'இல்லை' என்று வந்தும் விலக்கு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

உப்பு, சர்க்கரை, பற்பசை போட்டுப் பார்க்கச் சொல்லும் கைபேசி வீடியோக்களை விட்டுவிடுங்கள். சில பற்பசைகளில் உள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்தால் நுரைக்கும். ஆண்பிள்ளை சிறுநீருக்கும் அது நுரைக்கும்!

கார்டு நல்ல சாதனம், ஆனால் அதற்கு ஒரே கேள்விக்குத்தான் பதில் தெரியும். கரு இருக்கிறதா என்று சொல்லும். எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று சொல்லாது. கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் இரண்டு கோடு வரும். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை வலி என்று வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது உயிர் போகிற விஷயம்.

இன்னொன்று. கோட்டைவிட முக்கியமானது கடைசி விலக்கின் முதல் நாள். பிரசவத் தேதியை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள்: ஒன்பது மாதமும் ஏழு நாளும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17 வாக்கில். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கும். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கூச்சப்பட்டுக் கடைக்குப் போகாதவர்கள் ஆஷா பணியாளரைக் கேளுங்கள். அரசு தருகிற 'நிஷ்சய்' கார்டு அவரிடம் இலவசம். இரண்டு கோடு வந்ததும் பன்னிரண்டு வாரத்துக்குள் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை அங்கே கேட்டு வாங்கி உடனே தொடங்குங்கள். வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் ரயிலேறும்போது, பதியும்போது தருகிற தாய்சேய் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் அங்கிருக்கிற டாக்டருக்கு உங்களைப் பற்றிச் சொல்லப்போவது அந்த அட்டைதான்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: கார்டில் என்ன வந்தாலும் அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள், அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள்.