தோளில் படகு
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், தயவுசெய்து டெக்னிக்கலாகப் பேசி அறுக்காதே" என்று நம் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நாங்கள் குடும்பத்தோடு காட்டுக்குப் போன கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் இன்ஜினியரிங் உள்ளே வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. 2024-ல் அந்த மூன்று நாளும் அல்கான்குவின் பூங்காவில் இருந்தோம். நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா. அப்பா இப்போது பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் கூட்டிக்குறைத்துச் சொன்னால் எழுந்து திருத்திவிடுவார்.

பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைக்காதீர்கள். 1893-ல் ஏற்படுத்தப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். உள்ளே 2,400-க்கும் அதிகமான ஏரிகள். தெற்கு ஓரமாக ஒரு நெடுஞ்சாலை போகிறது, அதன் பக்கத்தில் கார் நிறுத்திக் கூடாரம் போடும் இடங்களும் உண்டு. நாங்கள் போனது அதற்கு அப்பால், ரோடே இல்லாத உள்காட்டுக்கு. ஏரிக்கு ஏரி கேனூ என்னும் சிறு படகில் துடுப்புப் போட்டுப் போக வேண்டும். ஒரு ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை நடுவில் நிலம் இருக்குமே, அங்கே? அங்கே படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த நடைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். சுமப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்.

வாடகைக்குக் கிடைக்கும் கெவ்லர் கேனூ பதினாறு, பதினேழு அடி நீளம், எடை ஏறக்குறைய 20 கிலோ. ஓர் ஆளே கவிழ்த்துத் தலைக்குமேல் வைத்து நடந்துவிடலாம். அதற்காகப் படகின் நடுவில் குறுக்கே, கழுத்துக்கும் தோளுக்கும் பொருந்துகிற மாதிரி வளைத்துச் செதுக்கிய ஒரு மரச்சட்டம் இருக்கும். அதைப் பார்த்தவுடன் அப்பா, "அட, இது நுகத்தடியில்ல!" என்றார். உண்மைதான். ஆங்கிலத்திலும் அதை யோக் என்கிறார்கள், மாட்டின் கழுத்தில் வைப்பதற்கும் அங்கே அதே பேர்தான். "மாடு மட்டும் நீயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என் மகன் அந்த ஜோக்கை மூன்று நாளும் விடவில்லை.

தோளில் சுமக்க வேண்டும் என்று வந்துவிட்டால் மூட்டை கட்டும் விதமே மாறிவிடும். ஒரே நடையில் எல்லாவற்றையும் தூக்க முடியாவிட்டால் போய், திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். அதாவது 300 மீட்டர் வழி 900 மீட்டர் ஆகிறது. என் மனைவி சமையலறைத் தராசை வைத்து அரிசி, பாசிப்பருப்பு, வறுத்த ரவை எல்லாவற்றையும் வேளைக்கு வேளை தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினாள். டின், பாட்டில் என்று தூக்கிப்போடுகிற டப்பாக்களுக்கு உள்காட்டில் தடை. எனவே புளிக்காய்ச்சல் எங்கள் எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஏறியது. கரடி உள்ள காடு. ராத்திரி சாப்பாட்டு மூட்டையைக் கயிறு கட்டி, கிளையில் உயரமாக, மரத்தண்டை விட்டு விலகித் தொங்கவிட வேண்டும். பெருங்காய வாசனை பிடித்துக் கனடாக் கரடி வருமா என்று அப்பாவுக்குக் கவலை. வரவில்லை.

இன்னொரு ஏற்பாடும் என் மனைவியுடையதுதான். கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லோரையும் உட்கார வைத்து ஒரு சட்டம் போட்டாள். தண்ணீர் விஷயத்தில் ஐந்து பேரில் யார் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் வேண்டாம். காரணம் கேட்கலாம், ஆனால் வற்புறுத்தக்கூடாது. "பாப்பாவுக்குமா?" என்று கேட்டேன். "பாப்பாவுக்கும்தான்" என்றாள்.

சனிக்கிழமை காலை கேனூ ஏரி என்றே பெயருள்ள ஏரியில் இறங்கினோம். அது பேர்போன ஏரி. கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் டாம் தாம்சன் 1917 ஜூலையில் இங்கேதான் இறந்தார். தனியாகப் படகில் போனவர். கவிழ்ந்த படகு முதலில் கிடைத்தது, எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. எப்படி இறந்தார் என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. துடுப்பில் நல்ல பழக்கம் உள்ளவர் என்று பலரும் சொல்வார்கள். ஒரு படகில் மனைவியும் மகனும் மூட்டைகளும், இன்னொன்றில் நானும் அப்பாவும் நடுவில் மகளும். ஐந்து பேருக்கும் லைஃப் ஜாக்கெட்.

இந்தப் படகு மொழியும் வழிகளும் இந்த மண்ணின் ஆதிகுடிகளுடையவை. பிர்ச் மரப்பட்டையை மரவேரால் தைத்து, தையலை மரப்பிசினால் அடைத்துச் செய்தார்கள். நடுக்காட்டில் உடைந்தால் நடுக்காட்டிலேயே சரிசெய்து கொள்ளலாம். என் கெவ்லர் படகை அப்படிச் செய்ய முடியாது. பூங்காவுக்குப் பெயர் கொடுத்த அல்கான்குவின் மக்கள் அந்த நிலத்தை எந்த உடன்படிக்கையிலும் விட்டுக்கொடுத்ததில்லை. 2016-ல்தான் அரசுகளோடு கொள்கை அளவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அனுமதிச் சீட்டு வாங்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

நாங்கள் பதிவு செய்திருந்தது லிட்டில்டோ ஏரி. பதிவு என்பது ஏரிக்குத்தான். அதில் ஆரஞ்சு நிறப் பலகை வைத்த இடங்களில் எது காலியோ அது நமக்கு. முதலில் கிடைத்த இடம் அழகான இடம், ஆனால் கரை செங்குத்தான பாறை. மகள் பார்த்தாள். "நான் வழுக்கி விழுந்துடுவேன். வேண்டாம்" என்றாள். எனக்குத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. வாயைத் திறக்கப் போனேன், பக்கத்துப் படகிலிருந்து ஒரு பார்வை வந்தது. மூடிக்கொண்டேன். இன்னும் நாற்பது நிமிடம் துடுப்புப் போட்டு வேறு இடம் பிடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளித்தோம், தூங்கினோம், புளியோதரை சாப்பிட்டோம். ராத்திரி லூன் என்ற நீர்ப்பறவை கத்தியது. ஒரு டாலர் நாணயத்தில் படம் போட்டிருக்கிறார்களே, அந்தப் பறவைதான். ஒப்பாரி மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குத் திரும்பும் வழியில் ஜோ ஏரி அணைக்கட்டின் பக்கத்துப் போர்ட்டேஜை முடித்துக் கேனூ ஏரியின் வடகோடிக்கு வந்தோம். கார் தென்கோடியில். தெற்கிலிருந்து காற்று. தூரத்தில் அலைகளின் தலையில் வெள்ளை நுரை தெரிந்தது.

இங்கே கொஞ்சம் இன்ஜினியரிங். காற்று தண்ணீர்மேல் எவ்வளவு நீளம் தடையில்லாமல் ஓடுகிறதோ, அந்த அளவுக்கு அலை வளரும். ஏரி வடக்குத் தெற்காக நீளம், காற்றும் அதே வாக்கில். கேனூவுக்கு மேல்மூடி கிடையாது. அலை அடித்து ஐம்பது லிட்டர் உள்ளே வந்தால் அது ஐம்பது கிலோ. அந்த ஐம்பது கிலோவும் மூட்டை மாதிரி ஓரிடத்தில் நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடி, இன்னும் சாய்க்கும்.

மறுநாள் காலை எட்டரைக்கு எனக்கு ஒரு டிசைன் ரிவ்யூ. இரண்டு மாதமாகத் தயார் செய்த வேலை. போனில் சிக்னல் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இளைஞர்கள் படகை இறக்கிக்கொண்டு போனார்கள். கரையோரமாகவே போனால் சமாளித்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

"நான் வேண்டாம்ங்கறேங்க" என்றாள் மனைவி.

"அவங்க போறாங்களேம்மா?" என்றான் மகன்.

"அவங்க ரெண்டு பேரும் பெரியவங்க. ரெண்டு பேருக்கும் தோள்ல பலமிருக்கு. நம்ம படகுல முன்னாடி நீ, அந்தப் படகுல தாத்தா. கணக்கு வேற."

நான் அப்பாவைப் பார்த்தேன். பவானிக்காரர், காவிரியில் பரிசலில் போய்ப் பழகியவர். "காத்து அடிச்சா நம்மூரு பரிசல்காரரு என்ன பண்ணுவாரு தெரியுமா கண்ணு? பரிசலக் கவுத்துப் போட்டுட்டு, அதும்மேல சாஞ்சு பீடியப் பத்த வெச்சுக்குவாரு. கலெக்டரே வந்து நின்னாலும் சரி" என்றார்.

படகைக் கவிழ்த்தோம். பீடிதான் இல்லை.

ஆறரை மணி நேரம். மீதியிருந்த ரவையை உப்புமா கிண்டினோம். தாத்தாவும் பேத்தியும் மரங்களுக்குள் ஒதுங்கிக் கூழாங்கல்லில் அஞ்சாங்கல் ஆடினார்கள். மகன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் விளிம்பில் குச்சி நட்டு, அலை எதுவரை ஏறுகிறது என்று நோட்டில் குறித்தான். நான் சொல்லித் தரவில்லை. நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு, "அப்பா, அஞ்சு தடவையா குறைஞ்சுக்கிட்டே வருது" என்றான். ஆறு மணிக்கு ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டாள். ஐந்து பேரும் சரி என்றோம். கரையை ஒட்டியே போய், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டோம். அந்த இரண்டு இளைஞர்களின் படகு அங்கே பத்திரமாக ஏற்றிக் கட்டப்பட்டிருந்தது. அவர்களும் நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஹன்ட்ஸ்வில் ஊரில் காபி வாங்கிக்கொண்டு மேலாளருக்குத் தகவல் அனுப்பினேன். நள்ளிரவுக்கு மேல் வீடு. ரிவ்யூவை மதியத்துக்கு மாற்றினார்கள். அதில் பாதி நேரம் காற்றைப் பற்றித்தான் பேச்சு.

அப்பா மறுபடி வரப்போகிறார், டாம் தாம்சன் பெயரிலேயே உள்ள ஏரிவரை போக வேண்டுமாம். போகும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும். கனடாவில் பிள்ளைகள் இருக்கிற அண்ணன்மார்கள் யாராவது வருவதாக இருந்தால் சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடியுங்கள். லைஃப் ஜாக்கெட் அளவு முதற்கொண்டு சொல்கிறேன். நுகத்தடி போட்டோவும் கையில் இருக்கிறது.