புதிய திரையும் ஊரின் பொறுப்பும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் தாங்கி நிற்கும் 'இ-கிராம் சுவராஜ்' என்னும் இணையச் செயலியில் அண்மை ஆண்டுகளில் பல புதிய வசதிகள் சேர்ந்துள்ளன. அவற்றைப் பற்றியும், அவற்றை நம் ஊர்களுக்குக் கொண்டுவர வேண்டிய முறையைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன். இது கணினி அறிந்தவர்களின் கவலை, ஏர் பிடிப்பவர்களுக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் தகாது. மத்திய நிதிக்குழுவின் மானியத்தைக் கொண்டு உங்கள் தெருவில் குழாய் பதிக்கப்படுமாயின், அதற்குரிய திட்டமும் செலவும் அந்தத் திரையில்தான் ஏறுகின்றன. 2021-26 காலத்துக்குரிய 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே ஒதுக்கப்பட்டது. ஆகவே, திரையில் என்ன இருக்கிறது என்பது குடத்தில் என்ன வருகிறது என்பதோடு தொடர்புடைய செய்தியாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிடுகிறேன். ஒரு புதிய வசதி கணினியில் ஏறிய நாள் வேறு, அது ஊருக்கு வந்து சேர்ந்த நாள் வேறு. அது யாருக்குத் தேவையோ அவர் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட நாளே அது ஊருக்கு வந்த நாள். அதுவரை அஃது ஏட்டுச் சுரைக்காயே ஆகும்.

பல வாயில்கள் ஒரு வாயிலாயின

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 1993 ஏப்ரல் 24. அந்நாளையே நாம் தேசிய ஊராட்சி நாளாகக் கொண்டாடுகிறோம். 2020இல் அதே நாளில்தான் இ-கிராம் சுவராஜ் தொடங்கப்பெற்றது. அதற்கு முன் திட்டம் தீட்டப் 'பிளான்பிளஸ்', கணக்கு எழுதப் 'பிரியாசாப்ட்', பணியின் முன்னேற்றத்தைக் காட்ட 'ஆக்ஷன்சாப்ட்' எனத் தனித்தனிச் செயலிகள் இருந்தன. ஒரே பணியின் வரலாறு பல இடங்களில் சிதறிக் கிடந்தது. இப்பொழுது திட்டம், முன்னேற்றம், கணக்கு ஆகிய மூன்றும் ஒரே வாயிலில் அமைந்துள்ளன. பொது நிதி மேலாண்மை முறையோடு இணைக்கப்பட்டிருப்பதால், பொருள் கொடுத்தவருடைய வங்கிக் கணக்குக்கே பணம் நேராகச் சென்று சேர்கிறது. 2023 ஏப்ரல் 24 அன்று அரசு மின்சந்தையும் இதனோடு இணைக்கப்பட்டது. பொருளை மின்சந்தையில் வாங்கி, அதற்குரிய தொகையை இச்செயலி வழியாகவே செலுத்த அதனால் வழி பிறந்தது.

இதில் உறுப்பினர்கள் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஆண்டுத் திட்டத்தில் ஏற்றப்பட்ட பணியோடுதான் செலவு இணைக்கப்படுகிறது. எனவே, கிராம சபையில் நீங்கள் கேட்க மறந்த பணி, திரையிலும் இடம்பெறாது போகும். திரை தானாக எதையும் அறியாது. நாம் ஊட்டியதையே அது காட்டும்.

உழவர் பெருமக்கள் கவனிக்கவேண்டியது மற்றொன்று. உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் பற்றிய பொது அறிக்கைகளை எவரும் கடவுச்சொல் இன்றியே இத்தளத்தில் காணலாம். 'மேரி பஞ்சாயத்' என்னும் கைபேசிச் செயலியிலும் இத்தகைய விவரங்கள் கிடைக்கின்றன. ஒரே பெயருடைய ஊர்கள் நம் நாட்டில் பல உள்ளன. புதூர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்! அதனால்தான் ஒவ்வோர் ஊராட்சிக்கும் தனிக் குறியீட்டு எண் தரப்பட்டுள்ளது. அவ்வெண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மற்றோர் ஊரின் கணக்கைப் பார்த்துவிட்டு நம் ஊரைக் குறைகூறும் நிலை அதனால் தவிர்க்கப்படும்.

தமிழில் வந்த திரை

2024 ஆகஸ்டில் 'பாஷிணி' என்னும் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டோடு இச்செயலி இணைக்கப்பட்டது. அரசியலமைப்பின் 8ஆவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் திரையைப் படிக்க அதனால் வழி ஏற்பட்டது. இஃது உண்மையிலேயே பெரும் பேறு. ஆங்கிலம் அறியாத உறுப்பினர் ஒருவர், பிறர் படித்துச் சொல்வதை நம்பி இராமல், தாமே பார்த்துத் தெளியலாம்.

எனினும், மொழிபெயர்ப்பது இயந்திரம் என்பதை மறத்தல் கூடாது. எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். 'டேங்க்' என்னும் ஆங்கிலச் சொல் நம் அரசு ஆவணங்களில் ஏரியையும் குறிக்கும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியையும் குறிக்கும். எழுதியவருக்குப் பொருள் தெரியும், ஊராருக்கும் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியுமா? ஏரியைத் தொட்டியென்றும் தொட்டியை ஏரியென்றும் அது மாற்றிவிட இடமுண்டு. மதகு பழுதுபார்க்கத் தீர்மானித்த ஊரார், திரையில் தொட்டிப் பணியைக் கண்டால் மனம் பதறுவார்கள். ஆகவே, தமிழ்த் திரையில் ஐயம் தோன்றுமாயின், மூலத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் ஒருசேர வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும். பிழை இருப்பின், அதைக் குறித்து எங்கள் அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். பிழையைச் சுட்டுவோர் பலராயின், திருத்தமும் விரைந்து வரும்.

கூட்டக் குறிப்பு எழுதும் இயந்திரம்

2025 ஆகஸ்டு 14 அன்று 'சபாசார்' என்னும் புதிய கருவியை மத்திய ஊராட்சி அமைச்சகம் தொடங்கிற்று. கிராம சபைக் கூட்டத்தின் ஒலிப்பதிவையோ ஒளிப்பதிவையோ அதனிடம் கொடுத்தால், அது செயற்கை நுண்ணறிவின் துணையால் பேச்சை எழுத்தாக்கி, கூட்டக் குறிப்பாகத் தொகுத்துத் தருகிறது. தமிழும் அதற்குரிய மொழிகளுள் ஒன்று. அந்த ஆண்டின் சுதந்திர நாள் கூட்டத்திலேயே திரிபுரா மாநிலத்தின் 1194 ஊராட்சி அமைப்புகளும் அதைப் பயன்படுத்துவதென ஏற்பாடாயிற்று.

கூட்டக் குறிப்பு எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை ஊராட்சி செயலர்கள் நன்கு அறிவார்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் என்பது ஏற்பாடு. அவை ஒவ்வொன்றிலும் நூறு பேர் பேசுவதை ஒருவர் எழுதி முடிப்பதென்பது எளிதன்று. ஆகவே, இக்கருவி வரவேற்கத் தக்கதே. ஆயினும், இதனால் தோன்றும் புதிய கடமைகளையும் நாம் உணரவேண்டும்.

இயந்திரம் தன் காதில் விழுந்ததை மட்டுமே எழுதும். ஒலிபெருக்கியின் அருகில் நிற்பவரின் சொல் குறிப்பில் ஏறும். வேப்பமரத்தடியில் பின்வரிசையில் அமர்ந்து, "எங்கள் தெருவுக்கு இரண்டு மாதமாகத் தண்ணீர் இல்லை" என்று கூறும் தாயின் சொல் காற்றோடு போய்விடக்கூடும். முன்பு செயலர் அதைச் செவிமடுத்து ஒரு வரியேனும் எழுத இயன்றது. இனி, குறிப்பில் இல்லாதது கூட்டத்தில் பேசப்படவே இல்லை என்றாகிவிடும் அபாயம் உண்டு. ஆதலின், ஒலிவாங்கி மேடையிலேயே நின்றுவிடாமல், பேசுவோர் ஒவ்வொருவரிடமும் செல்லவேண்டும். பேசுவோர் தம் பெயரையும் தெருவையும் முதலில் கூறவேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்கவேண்டும். எண்களையும் தொகைகளையும் இருமுறை சொல்லவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் எழுதிய குறிப்பை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டி, திருத்தி, அதன் பின்னரே ஒப்பமிடவேண்டும். எழுதியது இயந்திரமேயாயினும், தீர்மானம் ஊருடையது. அதற்குப் பொறுப்பும் ஊருக்கே உரியது.

ஊராட்சிக்கு ஒரு வானிலை

உழவர்களுக்கு நேரே பயன்படுவது மற்றொரு வசதி. 2024 அக்டோபர் 24 அன்று ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பு தொடங்கப்பெற்றது. இந்திய வானிலை ஆய்வுத் துறை கணித்துத் தரும் 5 நாள் முன்னறிவிப்பை இ-கிராம் சுவராஜ் தளத்திலும் மேரி பஞ்சாயத் செயலியிலும் காணலாம். வெப்பநிலை, மழை, காற்றின் வேகம், மேகமூட்டம் ஆகியவை அதில் அடங்கும்.

மேலுரம் இட்ட மறுநாள் பெருமழை பெய்தால், உரம் நீரோடு போகும். மருந்து தெளித்த மாலையே மழை வந்தால், மருந்தும் கூலியும் வீண். பறித்த நிலக்கடலை களத்தில் காயும்போது நனைந்தால், விலை கெடும். இரண்டு நாள் முன்னதாகச் செய்தி தெரிந்தால் இவற்றுள் சிலவற்றையேனும் தவிர்க்கலாம். ஆனால், இது கணிப்பேயன்றி உறுதிமொழி அன்று என்பதையும் நினைவிற் கொள்க. வானத்தையும் பாருங்கள், திரையையும் பாருங்கள்.

கைபேசி இல்லாத உழவர்க்கு இது எவ்வாறு எட்டும்? அதற்கு வழி நம்மிடமே உண்டு. நாள்தோறும் காலையில் உறுப்பினர் ஒருவர் முன்னறிவிப்பைப் பார்த்து, பால் சங்கத்தின் வாயிலிலோ தேநீர்க் கடையின் பக்கத்திலோ உள்ள கரும்பலகையில் நான்கு வரி எழுதி வைத்தால் போதும். ஒரு சுண்ணக்கட்டியின் செலவில் புதிய வசதி ஊர் முழுமைக்கும் சென்று சேரும்.

கையொப்பம் யாருடையது?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சியின் காசோலைகளில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிடவேண்டும் என்று விதித்தது. ஒருவர் தவறினும் மற்றவர் தடுப்பார் என்பதே அதன் கருத்து. இன்று இணையவழிப் பணம் செலுத்துவதிலும் இருவரின் ஒப்புதல் என்ற முறை தொடர்கிறது. மையும் தாளும் போய், இலக்கமுறைக் கையொப்பம் வந்துள்ளது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்குச் சட்டத் தகுதி அளித்துள்ளது.

அக்கையொப்பம் 'டோக்கன்' என வழங்கும் சிறு கருவியில் அடங்கியிருக்கிறது. அதையும் அதற்குரிய இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைப்பது, தொகை எழுதாத காசோலைப் புத்தகம் முழுவதிலும் ஒப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். "எனக்குக் கணினி தெரியாது, அவர் பார்த்துக்கொள்வார்" என்று கூறுவது பின்னாளில் தணிக்கையின்போது மறுமொழி ஆகாது. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவி ஒருவரின் டோக்கன் அவருடைய கணவரின் சட்டைப்பையில் இருக்குமாயின், அங்கே அதிகாரம் யாரிடம் உள்ளது? சகோதரிகள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். திரை எளிதாகிக்கொண்டே வருகிறது. தாமே அமர்ந்து, பெயரையும் தொகையையும் படித்து, தாமே ஒப்பமளிக்க அரை நாள் பயிற்சியும் சிறிது துணிவும் போதுமானவை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முதுமொழி. அளக்கும் கை நம்முடையதாக இருக்கவேண்டும்.

செயல்விளக்க வயலின் பாடம்

புதியதை ஊருக்குக் கொண்டுவருவதில் நம் துறைக்கு நெடிய அனுபவம் உண்டு. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 1960-61இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் வந்தது. அந்நாள்களில் புதிய விதையையும் உரத்தையும் பேச்சினால் மட்டும் பரப்ப முயலவில்லை. ஓர் உழவரின் வயலில் செயல்விளக்கம் செய்து காட்டினார்கள். அண்டை வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார். பழைய விதை ஒரு பக்கமும் புதிய விதை ஒரு பக்கமும் நிற்க, கதிரைக் கண்டபின் அவர் மனம் மாறினார். இணையச் செயலிக்கும் இதுவே ஏற்ற வழி. அதை ஒட்டிச் சில ஏற்பாடுகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது: ஒரு புதிய வசதி வந்தால், வட்டாரத்தில் ஓர் ஊராட்சி அதை முதலில் பயன்படுத்திப் பார்க்கட்டும். மற்ற ஊராட்சிகளின் தலைவர்களும் செயலர்களும் அங்கே சென்று நேரில் காணட்டும்.

இரண்டாவது: புதிய முறை கைவரும் வரையில் பழைய பதிவேட்டையும் கூடவே எழுதி வாருங்கள். இரு மாதக் கணக்குகள் இரண்டிலும் ஒத்து வந்தால், நம்பிக்கை தானே பிறக்கும்.

மூன்றாவது: ஒவ்வோர் அலுவலகத்திலும் குறைக் குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். நாள், நேரம், எந்தப் பக்கம், எதை அழுத்தியபோது என்ன தோன்றிற்று என்பனவற்றை எழுதி, திரையைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். "கணினி வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், எவராலும் அதைத் திருத்த இயலாது.

நான்காவது: செயலர் ஒருவரை மட்டும் நம்பி இராமல், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து படித்த பெண் ஒருவரும் திரையைப் படித்து விளக்கக் கற்றுக்கொள்ளட்டும். கடவுச்சொல்லை எவருக்கும் தரவேண்டியதில்லை. பொது அறிக்கைகளை ஊராருக்கு எடுத்துக் காட்டினால் அதுவே பெரிய தொண்டு.

செயலியை அமைப்போரிடம் நாம் கேட்கவேண்டியவையும் சில உண்டு. நேற்று இடப்பக்கம் இருந்த பொத்தான் இன்று வலப்பக்கம் சென்றால், அமைத்தவருக்கு அது சிறு மாறுதல். பழகியவருக்கோ வீட்டு வாசலையே மாற்றி வைத்ததற்கு ஒப்பாகும். ஆகவே, மாறுதலுக்கு முன் தமிழில் அறிவிப்பு வேண்டும். கணக்கு முடிக்கும் மார்ச்சு 31ஐ ஒட்டிய வாரங்களில் திரையை மாற்றுதல் கூடாது. அலைவரிசை நடுவில் அறுந்தாலும் எழுதியது அழியாது நிற்கவேண்டும். எழுத்து பெரிதாகவும், பிழை நேர்ந்தால் அஃது எதனால் என்பது தெளிவாகவும் இருக்கவேண்டும். இவற்றைத் தீர்மானமாக இயற்றி மேலிடத்துக்கு அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெரியோர்களே! வசதிகள் மேன்மேலும் வந்துகொண்டே இருக்கும். அவற்றை அஞ்சி ஒதுங்குவதும் தவறு, அவற்றிடம் நம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு உறங்குவதும் தவறு. வரும் கிராம சபைக் கூட்டத்துக்கு முன், ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊராட்சியின் பக்கத்தை ஒருமுறை திறந்து, சென்ற ஆண்டின் பணிகளுள் ஒன்றையேனும் தேர்ந்து, திரையில் கண்டதைத் தெருவில் சென்று சரிபார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.