எம் ஆச்சிமாரின் பெயர்கள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பெண்களின் பெயர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எம்மைப் பணித்தார்கள். இன்னும் பல்கலைக்கழக மாணவராயிருக்கும் எமக்கு, கற்றோர் நிறைந்த இச்சபையிற் பேசுவது துணிவான செயலே. ஆயினும் பெயர் என்பது எல்லார் வீட்டிலும் உள்ள செல்வமாதலால், பிழையிருப்பின் பொறுத்துக் கேட்பீர்கள் என நம்புகின்றோம்.

முதலில் எம் ஊரின் பெயரையே நோக்குவோம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கென வந்த காங்கேயன் திருவுருவம் இத்துறையில் இறங்கியமையால் இது காங்கேசன்துறை ஆயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. காங்கேயன் என்றால் கங்கையின் மைந்தன். ஆகவே எம் ஊரின் பெயருக்குள்ளே ஒரு தாயின் பெயர் இருக்கின்றது. அக்கோயில் வரலாற்றின் நாயகியும் ஒரு பெண்ணே. கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குதிரை முகம் நீங்கப்பெற்றாள் என்று சொல்லப்படும் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியை அறியாதார் இங்கு யார்? அருகே நகுலேஸ்வரத்தில் எழுந்தருளியிருக்கும் அம்பாளோ நகுலாம்பிகை. நகுலம் என்னும் வடசொல்லுக்குத் தமிழ் கீரி. கீரிமலை என்று நாம் தமிழிற் சொல்வதையே அம்பாளின் திருநாமம் வடமொழியிற் சொல்கின்றது.

இவ்வாறு பொருள் ஒன்றாயிருக்க, மொழி மாத்திரம் மாறும் பெயர்கள் பல. மதுரையில் மீனாட்சியே அங்கயற்கண்ணி. தஞ்சைப் பெரிய கோயிலில் பிருகந்நாயகியே பெரியநாயகி. திருவையாற்றில் தர்மசம்வர்த்தனியே அறம்வளர்த்த நாயகி.

வேறு சில பெயர்களில் ஒலி பயணஞ்செய்யும். பொருள் வழியில் மாறிவிடும். வடமொழியில் தேவசேனை என்றால் தேவர்களின் படை. தமிழில் அப்பெயர் தெய்வயானை ஆனபோது, படை நின்ற இடத்தில் யானை வந்து நின்றது. எபிரேய மொழியில் அருள் என்னும் பொருளுடைய ஹன்னா என்ற பெயர் கிரேக்கத்தில் அன்னா ஆகி, ஆங்கிலத்தில் ஆன் ஆகி, எம் நாட்டுக் கிறித்தவரிடையே அன்னம்மா ஆயிற்று. அயலிலுள்ள சைவ வீட்டிலும் ஓர் அன்னம்மா இருப்பார். அவர் பெயரில் அன்னப் பறவையும் உண்டு, சோறும் உண்டு. வேலிக்கு இருபுறமும் நின்று இருவரும் ஒரே அழைப்புக்கு 'ஓம்' என்பார்கள்.

சீதை என்ற பெயரின் பொருள் உழுசால். செம்பாட்டு மண்ணைக் கொத்தியும் உழுதும் வாழும் எமக்கு இதிலும் அழகான பெயர் வேண்டுமோ? அதே சீதை தாய்லாந்தின் இராமகாதையில் சீடா ஆகிறாள். யாவாவில் சிந்தா ஆகிறாள்.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லவேண்டும். நாம் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். இடாப்புக் கூப்பிடும்போது மார்கிறெற் என்ற பெயருக்கு எவரும் சிரித்ததில்லை. அப்பாச்சியின் பெயரான முத்துப்பிள்ளை என்பதைத் தாங்கி ஒருத்தி எம்முடன் படித்தாள். அவள் பெயர் வரும்போதெல்லாம் பின்வாங்கிற் சிரிப்பு எழும். நாமும் சிரித்தோம். சில காலத்தில் அவள் தன் பெயரைச் சுருக்கி எழுதத் தொடங்கினாள். மார்கிறெற் என்பதன் மூலம் முத்து என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் என்பதைப் பின்னரே நூலகத்தில் அறிந்தோம். ஒரே வகுப்பில் இரண்டு முத்துக்கள் இருந்தன. ஒன்றை மதித்து மற்றதை நகைத்தோம். அத்தோழி இன்று கடல் கடந்த நாட்டில் இருக்கிறாள். அவளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை இச்சபையிற் கேட்கிறோம்.

அன்று முதல் ஆச்சிமாரின் பெயர்களை வேறு கண்ணால் நோக்குகிறோம். ஞானம்மா என்பதும் கிரேக்கரின் சோபியா என்பதும் பொருளால் ஒன்று. இராசாத்திக்கு எபிரேயத்தில் சாறா துணை. பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்த அவுரேலியா எம் தங்கம்மாவின் உடன்பிறப்பு. தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தைப் பேணி வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) அப்பெயரோடுதானே உலகெங்கும் சென்று பேசினார்? பெயர் பழையது என்று எவரும் அவரைக் குறைவாக எண்ணியதுண்டோ?

இன்று எண்சாத்திரம் பார்த்து எழுத்துக்களைக் கூட்டியும் குறைத்தும் பெயர் வைக்கிறார்கள். பொருள் என்னவென்று கேட்டால் பெற்றோரே விழிக்கிறார்கள். பிள்ளைமேல் உள்ள அன்பினாற் செய்வதை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். ஆணின் பெயர் அவன் பிள்ளைகளின் பெயருக்கு முன்னே முதலெழுத்தாகவேனும் நிற்கிறது. பெண்ணின் பெயருக்கு அந்த இடமும் இல்லை. பேர்த்தி தாங்கினாலன்றி அது அவளோடு போய்விடும். பெயரைத் தாங்குவதனாலன்றோ பெயரன், பெயர்த்தி என்று முன்னோர் சொல்லிவைத்தனர்?

1990ஆம் ஆண்டு இவ்வூரவர் இடம்பெயர்ந்தபோது பெட்டகங்களும் சாதகக் கட்டுக்களும் வீடுகளோடு போயின. பல ஆண்டுகளின் பின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, பலருக்குக் கிணற்றையும் அத்திவாரத்தையும் கொண்டே தம் வளவை அடையாளங் காண நேர்ந்தது. பூட்டியின் பெயரை அறிய அப்படி ஓர் அடையாளமும் இல்லை. அது முதியோரின் நினைவில் மாத்திரமே இருக்கின்றது.

ஆதலால் இளைஞர்களே, இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் அம்மம்மாவிடமோ அப்பாச்சியிடமோ அவருடைய தாயின் பெயரையும், அத்தாயின் தாயின் பெயரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பெரியோர்களே, கேட்கும்போது "அது பழம் பெயர், உனக்கேன்?" என்று சொல்லிவிடாதீர்கள். நாளை ஒரு பெண்குழந்தை பிறக்கும்போது அந்தக் கொப்பியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.