கல்லை அளந்த ஒளிப்படம்



1858இல் செருமனியின் வெட்சுலார் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த இளம் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மெய்டன்பவர், உயரத்திலிருந்து விழாமல் மயிரிழையில் தப்பினார். ஏறி அளக்கும் பணியை ஒளிப்படம் செய்யலாகாதா என்னும் எண்ணம் அவருக்கு அன்றே பிறந்தது. வெவ்வேறிடங்களில் நின்றெடுத்த படங்களில் ஒரே புள்ளியைக் கண்டு, கோணங்களால் அதன் இருப்பிடத்தைக் கணிப்பதே முறை. இரு கண்கள் ஆழம் அறிவதும் இவ்வாறன்றோ! 1885இல் பெர்லினில் இதற்கென அரசு நிறுவனமே எழுந்தது. ஏறத்தாழ 20,000 கண்ணாடித் தகடுகள் சேர்ந்தன. போரில் சிதைந்த பெர்லின் பிரெஞ்சுப் பேராலயத்தை மீட்டெழுப்பியோர்க்கு அவர் எடுத்த படங்கள் துணைநின்றன.

இன்று புள்ளிகளைத் தேடும் உழைப்பு கணினியினுடையது. 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பாமியானின் பெரிய புத்தரை, 1970இல் எடுத்த படங்களைக்கொண்டு சூரிச் அறிஞர்கள் கணினியில் மீட்டனர். மடிப்பு மடிப்பாய் ஆடையும் மீண்டது. பாமியான் மலைமாடமோ இன்றும் வெறுமையாகவே நிற்கிறது.